வரமாட்டேன் என்றது நான்தான்

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் என் வேலை கம்மோடைத் தட்டிப் பார்ப்பது. ஊரில் கேட்பவர்களிடம் செராமிக் கம்பெனியில் குவாலிட்டி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை விடாமல் துருவினார்.

"குவாலிட்டின்னா என்ன மாப்ள செய்வ?"

"ஊரு உலகம் உக்காருறதுக்கு முன்னாடி நான் தட்டிப் பாப்பேன் அத்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

களிமண்ணில் வார்த்த கம்மோடும் வாஷ்பேசினும் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளில் ஏறி, ஒரு ரயில் நீளத்துக்கு இருக்கும் சூளைக்குள் ஒரு பக்கம் நுழையும். மறுநாள் மறுபக்கம் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். ஆறியதும் மரச் சுத்தியலால் தட்டவேண்டும். நல்ல சரக்கு 'ணிங்' என்று மணி மாதிரி பாடும். உள்ளே கீறல் இருந்தால் 'டொக்'. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தும் தேறாத எனக்கு இந்தப் பரீட்சையில் மட்டும் தப்பே வராது. காது அப்படி.

அந்தக் காதுதான் என்னைக் கெடுத்தது. ஒருத்தர் பேச்சை இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் அது என் வாயில் வந்துவிடும். எங்கள் போர்மேன் கன்னியாகுமரி கடற்கரைக்காரர், சூளையின் சூடு, கேஸ் எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவர் குரலில், "லேய், இன்னைக்கி டூட்டி கலாஸ், எல்லாரும் ரூமுக்குப் போங்கலே" என்று கத்தினேன். ஆறு பேர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். இரண்டு பேர் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்கள். போர்மேன் என் பிடரியில் ஒன்று போட்டுவிட்டு அவரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அன்றோடு நிறுத்தியிருப்பேனோ என்னவோ. பழியை அவர் மேல் போடப் பார்க்கிறேன் பாருங்கள். செய்தது நான்தான்.

என்னோடு ஜோடியாக நின்றவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். நான் தட்டுவேன். அவர் கீறல் எந்த இடத்தில் என்று விரலால் தடவிப் பிடித்து, நீல மெழுகுக் குச்சியால் குறி போடுவார். ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் குறி உண்டு. எங்களுடையது ஒரு வட்டம், நடுவில் புள்ளி. இங்கே எல்லோரும் பிலிப்பைன்ஸ்காரர்களைக் 'கபாயன்' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர்தான் ஒருநாள், "என்னை மனோங்னு கூப்பிடு" என்றார். அவர்கள் பக்கத்தில் அண்ணன் என்று அர்த்தமாம். தம்பிக்கு 'அடிங்'. எங்கள் ஊரில் அடிக்கக் கை ஓங்கும்போதுதான் அப்படிச் சொல்வார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு கையை ஓங்கிக்கொண்டே கூப்பிடுவார்.

நாங்கள் பேசியது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், மிச்சம் நான் சொல்லிக்கொடுத்த தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழாகவே எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டில் தினமும் தயிர்சோற்றை அவர் பக்கம் தள்ளுவேன். அவர் முகத்தைச் சுளித்து, அவர்கள் பாஷையில் ஒரே ஒரு சொல் சொல்வார். வேண்டாம், மாட்டேன், வரமாட்டேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைசி எழுத்தைத் தொண்டைக்குள் முழுங்கிச் சொல்வார். நான்கு வருஷம் தயிர்சோறு தள்ளியதில் அந்தச் சொல் எனக்கு அவரைவிட நன்றாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம்காரர்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருந்தோம். குளித்து முடித்துப் பஸ் ஏறும் நேரத்தில் மனோங் மட்டும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தொப்பியைக் கழற்றி, கோழியைக் கூட்டுக்குள் விடுவதுபோல மெல்ல வீசி, ஏதோ சொன்னார்.

"யாரை மனோங் கூப்பிடுதீங்க? மதினிக்குத் தெரியாம தண்ணிக்குள்ள யாரும் இருக்காளா?"

"என்னைத்தான் கூப்பிடுறேன்."

"நீங்க இங்கனதான நிக்கிதீங்க?"

"நிக்கிறது உடம்பு. உள்ள ஒருத்தன் இருக்கான், சின்னப் புள்ள மாதிரி. பிடிச்ச இடம்னா அங்கயே நின்னுடுவான். பயந்தாலும் நின்னுடுவான். கெளம்பும்போது 'வா, போகலாம், நிக்காத'ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகணும். இல்லன்னா வீட்டுக்கு உடம்பு மட்டும்தான் போய்ச் சேரும்."

"போனா என்ன? ஒரு டிக்கெட் மிச்சம்" என்றேன். பஸ்ஸில் அன்றைக்கு முழுக்க அதுதான் கச்சேரி. இறங்கும்போது ஒவ்வொருத்தனும் சீட்டைத் திரும்பிப் பார்த்து, "வா மக்கா, போகலாம்" என்றான். மனோங் கோபப்படவில்லை. போர்மேன்தான் என்னைத் தனியாக இழுத்தார்.

"இந்தாரு, சாமி விசயத்துல கேலி பண்ணாத. எங்க கடற்கரையிலயும் பயந்த புள்ளைக்கு ஓதி ஊதுவாவ. அவனுக்கு அது வழிவழியா வந்த பழக்கம். ஒனக்கு என்னலே போச்சு?"

எனக்கு ஒன்றும் போகவில்லை. அன்றைக்கு.

மனோங் வீட்டில் மூத்தவர். பின்னால் ஐந்து பேர். அப்பா இறந்ததும் புறப்பட்டு வந்தவர், பதினோரு வருஷம் ஆகிவிட்டது. தம்பி தங்கைகள் படித்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அம்மாவை மனோங்கின் மனைவிதான் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு ஞாபகம் கரைந்துகொண்டிருந்தது. முதலில் ஊர்க்காரர்களை மறந்தார், அப்புறம் கடைசி மகனை, அப்புறம் சோறு போடும் மருமகளையே. மூத்தவர் ஒருத்தரை மட்டும்தான் மறக்கவில்லை. காலை பத்து மணி டீ பிரேக்கில் மனோங் ஷெட் வாசல் நிழலுக்கு ஓடுவார். அங்கே அவர்களுக்கு மதியம் இரண்டு மணி. வீடியோவில் முகம் தெரிந்ததும் அந்த அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் காதுக்கே கேட்கும். போன் வைத்ததும் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, மூத்தவன் எப்போது வருவான் என்று போகிற வருகிறவர்களைக் கேட்பாராம்.

"இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையும் மறந்துருவா அடிங். அதுக்கு முன்னாடி நேர்ல போய் நிக்கணும்" என்றார். விசாவைக் கேன்சல் பண்ணி எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரேயடியாகப் போகிறார்.

கடைசி நாள் மத்தியானம் வேன் வந்து நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று உள்ளே வந்தார். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் நின்ற இடத்தில் கூப்பிடாமல் போவாரா? நான் முந்திக்கொண்டு போய், அடுக்கி வைத்திருந்த வாஷ்பேசின்களுக்குப் பின்னால் குத்தவைத்தேன்.

சூளை வாயில் நின்று, கையில் தொப்பி இல்லாததால் கையையே வீசிக் கூப்பிட்டார். வா, போகலாம், நிக்காத.

நான் மூக்கை உறிஞ்சி, கடைசி எழுத்தை முழுங்கி, அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அதைப்போல அச்சாக எனக்கு வேறெந்தக் குரலும் வந்ததில்லை. தயிர்சோற்றுக்கு முன்னால் அவர் சொல்வதேதான். திரும்பிப் பார்த்துக் கண்டுபிடித்து, 'அடிங்' என்று கையை ஓங்கிக்கொண்டு வருவார், வேன் வரைக்கும் துரத்துவார், அப்படி வழியனுப்பலாம் என்று நினைத்திருந்தேன்.

அவர் துரத்தவில்லை. கை வீசியபடி அப்படியே நின்றது. இன்னொரு தரம் கூப்பிட்டார், இந்தத் தரம் கெஞ்சுகிற குரலில். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுக்கின் இடுக்கு வழியாக அவர் முகம் தெரிந்தது. உதடு நடுங்கியது. பெரிய ஆள் அழுவதை ஒளிந்திருந்து பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு வெளியே வருவது எப்படி? வெளியே பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர், "யல்லா பாய், ஜல்தி, ஜல்தி" என்று ஹாரனை அமுக்கினான். மனோங் தரையைப் பார்த்துத் தலையாட்டினார், யாருக்கோ சரி என்பதுபோல. திரும்பி நடந்தார். வேன் போய்விட்டது.

எழுந்து ஓடியிருக்கலாம். இருபது எட்டுதான் இருக்கும். ஏர்போர்ட்டில் இறங்குவதற்குள் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேலை முடிந்து பண்ணியபோது இந்த ஊர் சிம்மை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார், வேறு யாரோ எடுத்தார்கள். சரி, வீட்டுக்குப் போய் அவரே கூப்பிடுவார், அப்போது சொன்னால் சேர்ந்து சிரிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் சூளையிலிருந்து வந்த வண்டியில் ஒரு கம்மோடின் கழுத்தில் நீலக் குறி இருந்தது. வட்டம், நடுவில் புள்ளி. அந்த வண்டியை இன்னும் யாரும் தொடவில்லை, சூடுகூட ஆறவில்லை. மெழுகு சூளைக்குள் போனால் புகையாகப் போய்விடும், குறியோடு வெளியே வர வழியே இல்லை. எவனோ எனக்கே வேலை காட்டுகிறான் என்று நினைத்தேன். தட்டினேன். டொக்.

அடுத்த வண்டியில் இரண்டு குறிகள். இரண்டும் டொக். குறி இல்லாத எல்லாம் ணிங். மனோங் இடத்தில் வந்திருந்த நேபாளிப் பையன் குச்சியைக் கையிலேயே எடுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் இது ஓடியது. அப்புறம் ஒருநாள் டீ பிரேக்கில், எல்லாரும் வெளியே போனபின் நான் கிளவுஸ் எடுக்க உள்ளே வந்தேன். மூன்றாவது வண்டிக்குப் பக்கத்தில் மனோங் நின்றுகொண்டிருந்தார். யூனிபார்ம், ஹெல்மெட், குனிந்த தலை. ஒரு வாஷ்பேசினின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். நல்ல வெயில் வெளிச்சம். "மனோங்" என்றேன். நிமிரவில்லை. என் சத்தம் அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. நான் கிளவுஸ் இல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை மதினியிடமிருந்து வீடியோவில் போன். மனோங்கின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வீடியோவில் வம்புக்கிழுத்து அவரும் பழகியிருந்தார். அவர் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ், என்னுடையது கம்மோடு இங்கிலீஷ். ஆனால் அன்று சொன்னது எல்லாமே புரிந்தது.

"தம்பி, அங்க ஏதாச்சும் நடந்துச்சா? இவரு வந்ததுல இருந்து சரியில்ல."

"என்ன செய்யுதாரு மதினி?"

"ஒண்ணும் செய்யல. சொன்னா சாப்பிடுறாரு, சொன்னா படுக்குறாரு. என்னன்னு கேட்டா, 'நான் வரல'ங்கிறாரு." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத்தைக்கு இவரை அடையாளம் தெரியல. வாசல்ல உக்காந்து மகனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தவங்க, இவரு வந்து கால்ல விழுந்தா, 'யாரு தம்பி நீ? என் மூத்தவன் வெளிநாட்டுல இருக்கான், அவன் வந்ததும் வா'ங்கிறாங்க. அவரு முன்னாலயே அவரு எப்ப வருவாருன்னு கேக்குறாங்க."

மனோங்கைக் கூப்பிடச் சொன்னேன். போன் அவர் கைக்குப் போனது. அதே முகம்தான். ஆனால் வாடகைக்கு எடுத்த முகம் மாதிரி இருந்தது.

"மனோங், அன்னைக்கி சூளைகிட்ட கேட்டுச்சே ஒரு சத்தம், அது நான். வாஷ்பேசின் பின்னாடி ஒளிஞ்சிருந்து நாந்தான் சொன்னேன். சும்மா வெளாட்டுக்கு."

அவர் என்னைப் பார்த்து இரக்கப்படுவதுபோலச் சிரித்தார். "நீ நல்ல பையன் அடிங். என் மனசு ஆறணும்னு சொல்லுற."

"சத்தியமா மனோங்! எங்கம்மா மேல சத்தியம்!"

"போன மாசம் போர்மேனுக்கு லாட்டரி விழுந்துச்சுன்னும் அம்மா மேலதான் சத்தியம் பண்ணின" என்றார். திட்டவில்லை, ஞாபகப்படுத்தினார். "உன் குரலு எனக்குத் தெரியாதா? நீ யாரு மாதிரி பேசினாலும் உள்ள ஒரு சிரிப்பு இருக்கும். அது சிரிக்கல. அது நான்தான்."

"இப்பச் சொல்லிக் காட்டுதேன், கேளுங்க" என்று மூக்கை உறிஞ்சி அந்தச் சொல்லைச் சொன்னேன். என் குரல் வந்தது. இன்னொரு தரம். என் குரல்தான். எத்தனை தரம் சொல்லியும், ஒன்பதாம் வகுப்பு தேறாத ஒரு தூத்துக்குடிக்காரன் அந்நிய பாஷையைத் தப்பாக உச்சரிக்கிற சத்தம்தான் வந்தது. அன்றைக்குப் போன குரல், இன்றுவரை எனக்கு வரவில்லை. போர்மேன் குரல் வரும், டிரைவர் குரல் வரும், அது மட்டும் வராது.

போர்மேனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிந்ததில் தொடங்கி மூன்றாவது வண்டிவரை. அவர் அடிப்பார் என்று நினைத்தேன். நீலக் குறிகளை அவரும் பார்த்திருக்கிறார், நான்தான் ஏதோ வேலை காட்டுகிறேன் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

"நீ தடுத்துட்டியே பாவி. ஒரு பெத்தவ மகனுக்காண்டி கண்ண நட்டுட்டு இருக்கா, நீ எடையில நின்னு மறிச்சிட்டியே."

"இப்ப என்ன செய்ய அண்ணாச்சி?"

"என்னட்ட கேட்டா? அவம் பொஞ்சாதிகிட்ட கேளு. எப்பிடிக் கூப்பிட்டா வருமோ அப்பிடிக் கூப்பிட்டு அனுப்பு. ஷெட்டுக்குள்ள போன் கூடாதுன்னு சட்டம், நீ கொண்டு போனா நான் கண்டுக்கிட மாட்டேன்."

மதினி சொன்னார், இப்படி நின்றுபோனவன் தன்னை நன்றாகத் தெரிந்த வீட்டு மூத்தவர் கூப்பிட்டால்தான் வருவான் என்று. மூத்தவர் என்றால் அந்த அம்மாதான். மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் டீக்குப் போனபின், நானும் போர்மேனும் உள்ளே நின்றோம். வீடியோ போட்டேன். அந்தப் பக்கம் அம்மா நாற்காலியில், பின்னால் மதினி. மனோங்தான் அம்மாவுக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் என் போனை மூன்றாவது வண்டிப் பக்கம் திருப்பினேன். அன்றைக்கு என் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை. என் திரையிலும் வண்டியும் வெள்ளைச் சாமானும்தான்.

அந்த அம்மா திரைக்குள் விழுகிறாற்போல் முன்னால் சாய்ந்தார். முகம் மலர்ந்தது. மூத்த மகனின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

போர்மேன் சிலுவை போட்டுக்கொண்டார்.

அம்மா பேச ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்தி, பதில் கேட்டுக் கேட்டுப் பேசினார். மதினி அழுதுகொண்டே எனக்குச் சொன்னார்: சாப்பிட்டியான்னு கேக்குறாங்க. இளைச்சிருக்கியேங்கிறாங்க. அங்க வெயில் குறைஞ்சுதான்னு கேக்குறாங்க.

"வான்னு கூப்பிடச் சொல்லுங்க மதினி!" என்று கத்தினேன். "வா, போகலாம், நிக்காதன்னு சொல்லச் சொல்லுங்க!"

மதினி அம்மாவின் காதில் சொன்னார். அம்மா அவரை முறைத்தார். என்னமோ கடிந்து சொன்னார்.

"என்ன சொல்லுதாங்க?"

"மகன் டூட்டியில இருக்கானாம். வேலை செய்யுற புள்ளையைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம்."

பதினோரு வருஷமாக அந்த அம்மா பார்த்த மகன் திரைக்குள் இருப்பவன்தான். தினமும் பத்து நிமிஷம் பார்த்து, நான் நல்லா இருக்கேன், நீ கவனமா வேலை செய் என்று அனுப்பிவைத்த மகன். அன்றைக்கும் அதையே சொல்லிக் கையசைத்தார்.

அப்புறம் மனோங் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"அடிங், நீ அவனைக் கூப்பிடாத."

"என்ன மனோங் சொல்லுதீங்க? அம்மா கூப்பிடலன்னா நான் கூப்பிடுதேன். முழுசாச் சொல்லித் தந்திருக்காங்க மதினி. எப்பிடியாச்சும் அனுப்பிருவேன்."

"அவன் வந்துட்டா, நாளைக்கிப் பத்து மணிக்கு அம்மா யாரைப் பாப்பா?"

"ஒங்களைப் பாப்பாங்க. நீங்க முழுசா ஆயிட்டா அடையாளம் தெரியுமே."

"தெரியலன்னா?" என்றார். "அப்ப அவளுக்கு ஒரு மகனும் இருக்க மாட்டான். இப்ப ஒருத்தன் இருக்கான். இருந்துட்டுப் போகட்டும்."

"ஒங்களுக்கு?"

"குளிப்பாட்ட, சோறு ஊட்ட ஒரு ஆளு வேணும்ல. அதுக்கு நான் இருக்கேன். என்னைய வேலைக்கு வெச்ச ஆளுன்னு நினைக்கிறா. நேத்து, உன் அம்மா உன்னைத் தேட மாட்டாளா தம்பின்னு கேட்டா."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். போர்மேன் என் தோளைப் பிடித்திருந்தார். எவ்வளவு வருத்தமான நேரத்திலும் எனக்கு ஏதாவது ஒரு கிண்டல் வாயில் வந்து நிற்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம், லீவு நாளைத் தவிர, தினமும் பத்து மணிக்கு நான் அந்த இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீ குடிப்பதையே விட்டுவிட்டேன். ஜுரம் வந்த இரண்டு நாளும் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். நேபாளிப் பையன் வேறு லைனுக்கு எழுதிக் கேட்டுப் போய்விட்டான். குறிகள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த ஏழு மாதத்தில் மனோங்கை நான் இன்னும் இரண்டே தடவைதான் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவையும் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும் தினமும் பார்த்தார். தினமும் அந்தப் பக்கம் போனைப் பிடித்தது மனோங்தான். மகன் டூட்டிக்குத் திரும்பியதும் அம்மா அவரிடம், "பாத்தியா தம்பி, எம் புள்ளைய?" என்று கேட்பாராம். "பாத்தேம்மா, நல்ல புள்ள" என்பாராம் இவர்.

நடுவில் எனக்கு லீவு வந்தது. தள்ளிவைத்தேன். என் அம்மா போனில் கோபித்துக்கொண்டார். "அங்க எவளயாச்சும் சேத்து வெச்சிருக்கியால?" என்று கேட்டார். ஆமாம்மா, வயது எழுபத்தெட்டு என்று சொல்லியிருப்பேன், பழைய ஆளாக இருந்தால்.

ஒருநாள் பத்து மணிக்கு அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. மதியம் மதினி கூப்பிட்டார். காலையில் அம்மா போய்விட்டார். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மனோங்கின் மடியிலேயே. கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இந்தத் தம்பியை ஊருக்கு அனுப்பி வை, பாவம், அவன் வீட்டில் தேடுவார்கள் என்று மருமகளிடம் சொன்னாராம்.

நான் அப்படியே உள்ளே ஓடினேன். இனி யாருடைய அனுமதியும் வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்றி, அவர் தொப்பியை வீசியதுபோல வீசி, மதினி சொல்லிக்கொடுத்த அத்தனையையும் கூப்பிட்டேன், அவர்கள் பாஷையில், அப்புறம் இந்தியில், அப்புறம் தமிழில். வாங்க மனோங், போகலாம், நிக்காதீங்க, அம்மா போயிட்டாங்க, இனி டூட்டி இல்ல. லைனில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வந்த வண்டிகளில் நீலக் குறி இல்லை, அதற்குப் பிறகும் வரவே இல்லை. எனக்கு முன்னால் அந்த அம்மாவே கூட்டிக்கொண்டு போய்விட்டாரோ, இல்லை நான் கூப்பிட்டதில் புறப்பட்டதோ, வழியில் எங்காவது நின்றுவிட்டதோ, சொல்ல ஆள் இல்லை.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வாசலில் என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "போன்ல நல்ல நெறமா இருந்த, நேர்ல கறுத்துப் போய்க் கெடக்க" என்றார். வீடு முழுக்கச் சிரித்தது. அவர் சமையல்கட்டுக்குப் போகும்போதெல்லாம் பின்னாலேயே போய் நின்றேன்.

மனோங்கோடு இப்போதும் மாதம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறேன். வயலில் வேலை செய்கிறாராம். நன்றாகச் சாப்பிடுகிறார் என்று மதினி சொல்கிறார். டாக்டரும் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுவிட்டாராம். நான் கேட்டால்தான் பதில், அவராக ஒன்றும் கேட்பதில்லை. சூளை எப்படி இருக்கிறது என்றுகூட. ஒவ்வொரு தடவையும் மறுபடி சொல்கிறேன், அன்றைக்கு வரமாட்டேன் என்றது நான்தான் மனோங் என்று. "சரி அடிங்" என்கிறார்.

அப்புறம் பேச்சை மாற்ற ஏதாவது ஜோக் அடிக்கிறேன். சிரிக்கிறார். எந்த ஜோக்குக்கும் சிரிக்கிறார். முன்பெல்லாம் மொக்கை ஜோக் அடித்தால் செருப்பைத் தேடுவார். போன மாதம் வேண்டுமென்றே, முடிவே இல்லாத, அர்த்தமே இல்லாத ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார், எப்போது முடிகிறதென்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு.